கம்பெனி மணியும் ஊர் மணியும்

தெய்வானையிடம் கம்ப்யூட்டர் சர்வர் வேலை கற்றுக்கொள்ள வந்த சென்னியப்பன் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நூல் மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்தவர். மில்லை மூடிவிட்டார்கள். சட்டைப் பையில் டெஸ்டரைக் குத்திக்கொண்டு வந்து நின்றார்.

"உங்களை அம்மிணின்னு கூப்பிடலாங்களா, குருன்னு கூப்பிடோணுங்களா?" என்று முதல் நாளே கேட்டார்.

"எந்த வயரையாச்சும் புடுங்கறதுக்கு முன்னாடி கூப்பிடுங்க. எப்படிக் கூப்பிட்டாலும் சரி," என்றாள் தெய்வானை.

அன்றிலிருந்து அவள் அவருக்கு அம்மிணி. அவர் அவளுக்கு அண்ணா.

அது ஒரு தையல் கம்பெனி. தலைமை ஆபீஸ் டவுனுக்குள். தைக்கிற யூனிட் ஊரைத் தாண்டி, காட்டுக்கு நடுவில். இரண்டுக்கும் பேச்சு கம்ப்யூட்டர் சாட்டில்தான். யூனிட்டின் கேட் ரூமில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். தையல் மிஷின் வரிசைகளைப் பார்த்துக்கொள்ளும் லைன் லீடர்கள் அவரவர் பெயரில் திறந்து, துணி வரவில்லை, ஊசி தீர்ந்தது, இன்னார் லீவு என்று எழுதுவார்கள். எழுதியது டவுனில் இருக்கிற சர்வருக்குப் போய், அங்கிருந்து உரியவர் போனில் விழும். அந்தச் சர்வரைப் பார்த்துக்கொள்வதுதான் தெய்வானையின் வேலை.

உள்ளே வேலை செய்கிறவர்களின் போனைக் கேட்டிலேயே வாங்கிவைத்துக்கொள்வார்கள். கேட் போனில் வெளியாள் கூப்பிடலாம், இங்கிருந்து கூப்பிட முடியாது. அதனால் ஆபீசுக்கு ஒரு வார்த்தை சொல்ல அந்தக் கம்ப்யூட்டரை விட்டால் வழி கிடையாது. ஆள் வருவதைப் பதிவதும் அதுதான். மணி அடிப்பதும் அதுதான்.

ஒரு நாள் சென்னியப்பன் வரும்போதே கொதித்துக்கொண்டு வந்தார்.

"அம்மிணி, இந்தச் சர்வரைத் தூக்கிக் கெணத்துல போடுங்க."

"காப்பி குடிச்சீங்களா?"

"காப்பியா இறங்கும்? சுகந்தியை வேலைக்கு வேண்டாம்னு நிறுத்திட்டாங்க. நாளைக்கு விசாரணையாம். விசாரணை என்ன விசாரணை, கையெழுத்து வாங்கி அனுப்பப் போறாங்க."

சுகந்தி மூன்றாவது லைன் லீடர். அவள் பெண் ஒன்றாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டது. கேட்டுக்குப் போன் வந்தது. வாட்ச்மேன் ஓடிவந்து சொன்னார். சுகந்தி கேட் ரூமுக்குப் போய் ஆபீசுக்கு எழுதினாள். பதில் வரவில்லை. மறுபடி எழுதினாள். பதில் வரவில்லை. ஓடிவிட்டாள்.

"மேனேஜர் தனபாலு என்ன சொல்றாருன்னா, போனது தப்பில்லையாம். சொல்லாமப் போனதுதான் தப்பாம். நேர்ல வந்து சொன்னா, 'எங்கிட்டச் சொல்லாதே, சாட்ல போடு'ம்பாரு. போட்டா, 'வரவே இல்லை'ம்பாரு. எந்த ஊரு நாயமுங்க இது?"

"சாட் அன்னிக்கு வேலை செஞ்சுச்சா?"

"எங்க செஞ்சுச்சு? இணைக்க முடியலைன்னு செவப்பா நிக்குமுங்க, எப்பப் பாத்தாலும். எழுதினது அங்கேயே தொங்கும். பொம்பளைக எல்லாம் சொல்லிச் சொல்லி அலுத்துட்டாங்க."

"விசாரணையில அதைச் சொல்ல வேண்டியதுதானே."

சென்னியப்பன் டெஸ்டரை எடுத்துப் பார்த்தார். திரும்பப் பைக்குள் வைத்தார்.

"இணைப்பில் குறை இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்குது. அதைத்தான் மேனேஜர் கையில வெச்சுட்டு ஆட்டறாரு."

"யாரு எழுதிக் கொடுத்தது?"

"நாந்தானுங்க."

தெய்வானை நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் உட்காரவில்லை.

"மூணு தடவை போயிப் பாத்தேன், அம்மிணி. வயரு நல்லாருக்குது. சுவிட்சு நல்லாருக்குது. திறந்தா உடனே பச்சை காட்டுது. உங்களுக்கே வணக்கம் போட்டேன், வந்துச்சில்ல?"

"வந்துச்சு. எப்பப் போனீங்க?"

"சாயங்காலம். எல்லாரும் போனதுக்கு அப்பறம். வேலை நேரத்துல உள்ள வரக் கூடாதுன்னு மேனேஜர் உத்தரவு."

"யாரு பேர்ல திறந்தீங்க?"

"என்ற பேர்லதான். சுகந்தி எழுதினது அவ பேர்ல திறந்தாத்தானுங்க தெரியும், போகும்."

தெய்வானை சர்வர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க தெருவுல ஒரு பைப்பு இருக்குது. காலையில சொட்டுத் தண்ணி வராது. பொம்பளைங்க எல்லாம் குடத்தோட நிப்போம். முனிசிபாலிட்டி ஆளு மத்தியானம் ஆடி அசைஞ்சு வருவாரு. திறப்பாரு. தண்ணி கொட்டும். குறை இல்லைன்னு எழுதிக்கிட்டுப் போயிடுவாரு."

"நானும் அந்த ஆளும் ஒண்ணுங்கறீங்க."

"நான் பைப்பைப் பத்திச் சொன்னேன்."

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. உட்கார்ந்தார்.

தெய்வானை சர்வரில் வருகிறவர்கள் போகிறவர்கள் விவரத்தைத் திறந்து காட்டினாள். கேட் ரூம் கம்ப்யூட்டர் வந்து வந்து கதவைத் தட்டியிருந்தது. சர்வர் ஒவ்வொரு முறையும் மறுத்திருந்தது.

"பாத்தீங்களா திமிரை? அது வாசல்ல வந்து கெஞ்சுது. இது போ போன்னு விரட்டுது. அதுக்குத்தான் கெணத்துல போடச் சொன்னேன்."

"ஞாயித்துக்கிழமை எல்லாம் உள்ள விட்டிருக்குதே."

"அன்னிக்கு அரை நாள் வேலைங்க. கூட்டமில்ல."

"போன வாரம் புதன்கிழமையும் விட்டிருக்குது. அன்னிக்கும் அரை நாளா?"

"இல்லீங்க, முழு நாளுதான். மேனேஜரு அவரு மச்சினன் கல்யாணத்துக்குப் போயிட்டாரு."

"ஞாயித்துக்கிழமை?"

"அவரு எங்க வர்றாரு."

"அவரு வந்தா சர்வருக்குப் புடிக்கலை போலிருக்கு."

"எங்களுக்கும் அப்படித்தானுங்க," என்றார் சென்னியப்பன். ஆனால் சிரிப்பு வரவில்லை.

"நாளைக்குக் காலையிலயே போவோம். மேனேஜர் இருக்கறப்பவே."

"உள்ள விடமாட்டாருங்க."

"விசாரணைக்கு ஆபீசுல இருந்து மேடம் வருவாங்கல்ல? அவங்களோட போவோம். கேட் ரூம்ல வெச்சு விசாரிக்கச் சொல்லி நான் கேட்டுக்கறேன்."

மறுநாள் இருவரும் பஸ்ஸில் போய் இறங்கினார்கள். அதே பஸ்ஸில் வந்த பெண்கள் இறங்கியதும் ஓட ஆரம்பித்தார்கள். ஒருத்தி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி, ஓடவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் போனாள்.

தெய்வானை போனில் மணி பார்த்தாள்.

"ஏண்ணா இப்படி ஓடறாங்க? இன்னும் நேரமிருக்கே?"

"ஊர் மணிக்கு நேரமிருக்குதுங்க. கம்பெனி மணிக்கு இல்ல."

அவர் சாலையைத் தாண்டிவிட்டார். தெய்வானை நடு ரோட்டில் நின்றுவிட்டாள். லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

"அம்மிணி, வாங்க இந்தப் பக்கம்."

அவள் வந்தாள்.

"அதென்ன கம்பெனி மணி?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா? ஆபீசுலயே இருக்கறீங்க, அதுதான். காலையில மேனேஜரு வந்ததும் கேட் ரூம் கம்ப்யூட்டர்ல மணியைக் கொஞ்சம் முன்னாடி தள்ளுவாரு. சரியான நேரத்துக்கு வந்தவளும் லேட்டுன்னு விழும். மத்தியானச் சோத்துக்கு மேல பின்னாடி தள்ளுவாரு. மணி லேட்டா அடிக்கும். எல்லாரும் போனதும் ஊர் மணிக்குக் கொண்டாந்து விட்டுட்டுப் போயிடுவாரு."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"ஒரு டீ குடிக்கற நேரமுங்க. சரக்கு அவசரம்னா ரெண்டு டீ."

"கம்ப்யூட்டர் தானா மணி பாத்துக்குமே."

"அதை நிறுத்தித்தான் வெச்சிருப்பாரு."

"யாரும் கேக்கலையா?"

"எதைக் கேக்கறதுங்க? அது கம்பெனி மணி. நான் இருந்த மில்லுலயும் அப்படித்தான். வந்த நாள்ல இருந்து மூடற நாள் வரைக்கும் அப்படித்தான்."

"இத்தனை நாளா ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

சென்னியப்பன் யோசித்தார். "வயரு, சுவிட்சு, பாஸ்வேர்டுன்னு ஒவ்வொண்ணா என்னைக் கேட்டீங்க. மணியைக் கேக்கலீங்களே. அது ஒரு கோளாறுன்னு எனக்குத் தோணவே இல்லை."

தெய்வானை கேட்டை நோக்கி வேகமாக நடந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது.

கேட்டுக்கு வெளியே சுகந்தி நின்றுகொண்டிருந்தாள். உள்ளே விட உத்தரவு இல்லை என்று வாட்ச்மேன் தரையைப் பார்த்துச் சொன்னார்.

ஆபீசிலிருந்து கார் வந்தது. ஆட்கள் விஷயம் பார்க்கிற மீனலோசனி மேடம் இறங்கினார். லீவு, வருகை எல்லாம் அவர் போனுக்குத்தான் போகும். மேடத்தோடு சேர்ந்துதான் மூவரும் கேட் ரூமுக்குள் வந்தார்கள். மேனேஜர் தனபால் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"மேடம், இது குடும்பம் நடத்தற இடமில்ல. சரக்கு போற இடம். ஒவ்வொருத்தியும் புள்ளைக்குச் சளி, மாமியாருக்குக் காய்ச்சல்னு ஓடினா மிஷினை நானா மிதிக்கறது? சொல்லிட்டுப் போகணும். இவ சொல்லலை. உங்க போன்ல வந்துச்சா?"

"வரலை," என்றார் மேடம்.

"கம்ப்யூட்டர்ல குறையான்னா அதுவும் இல்லை. இதோ நிக்கறாரே பெரியவர், அவரே எழுதிக் கொடுத்திருக்காரு."

மேடம் சுகந்தியைப் பார்த்தார். "உனக்குச் சொல்றதுக்கு என்ன இருக்கு?"

"நான் அழறதுக்கு வரலைங்க மேடம். எழுதினேனா இல்லையான்னு பாக்கறதுக்கு வந்தேன்."

தெய்வானை சொன்னாள். "சுகந்தி, உன் பேர்ல திற."

சுகந்தி திறந்தாள். சிவப்பு. இணைக்க முடியவில்லை, மீண்டும் முயல்கிறது என்று எழுத்து வந்து வந்து போனது. அதன் கீழே அவள் எழுதியவை வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "இதெல்லாம் அப்பறம் வந்து எழுதி வெச்சதா இருக்கும்."

"கேட்டுக்குள்ளயே விடலைங்களே சார். செவுரேறிக் குதிச்சு வந்தா எழுதினேன்?"

வாட்ச்மேன் இருமினார். மேனேஜர் திரும்பியதும் நிறுத்திக்கொண்டார்.

"அது ஏன் சிவப்பா இருக்கு?" என்று மேடம் கேட்டார். "குறை இல்லைன்னு எழுதியிருக்கே."

தெய்வானை சென்னியப்பனைப் பார்த்தாள். "அண்ணா, அதைச் சரி பண்ணுங்க."

சென்னியப்பன் கம்ப்யூட்டர் பக்கம் நகர்ந்தார். மணி இருக்கிற மூலைக்கு அம்புக்குறியைக் கொண்டுபோனார்.

"யோவ். அதுல கை வெக்காதே," என்றார் மேனேஜர்.

கை நின்றுவிட்டது. மேனேஜர்கள் சொன்னால் நிற்கிற கை அது. இளவயதிலிருந்தே அப்படிப் பழகிவிட்டது.

அவர் தெய்வானையைத் திரும்பிப் பார்த்தார். அவள் சுகந்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதவிக்கு வரவில்லை.

சென்னியப்பன் மேடத்தின் பக்கம் திரும்பினார்.

"மேடம், உங்க கையில இப்ப என்ன மணிங்க?"

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கம்ப்யூட்டர் மணி கைக்கடிகாரத்துக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து மிஷின் சத்தம் மட்டும் வந்தது.

"அது வந்து, மேடம், ஆளுங்க சீக்கிரம் வரட்டும்னு..." என்று மேனேஜர் ஆரம்பித்தார்.

சென்னியப்பன் மணியைச் சரியாக வைத்தார்.

சிவப்பு போய்ப் பச்சை வந்தது. சுகந்தி எழுதியவை ஒவ்வொன்றாக மேலே ஏறின. மேடத்தின் கைப்பைக்குள் போன் சிணுங்கியது. நின்றது. மறுபடி சிணுங்கியது. அது ஓயட்டும் என்று எல்லோரும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மேடம் போனை எடுத்துப் படித்தார்.

மேடம் பாப்பாவுக்கு ஸ்கூல்ல வலிப்பு வந்துருச்சு.

மேடம் போலாமா.

மேடம் பாத்தீங்களா.

மேடம் ஒரு பதில் போடுங்க.

மேடம் வேற ஆள வெச்சுட்டேன் லைன் நிக்காது போறேன்.

போறேன் மேடம்.

மேடம் போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"பாப்பா இப்ப எப்படி இருக்கா?"

"இருக்கறாளுங்க மேடம். கண்ணு முழிச்சப்ப நான் பக்கத்துல இருந்தேன். அது போதும்."

"நீ வேலைக்குப் போம்மா. நான் பாத்துக்கறேன்."

சுகந்தி நகரவில்லை.

"போறேனுங்க மேடம். எந்த மணிக்கு வேலை?"

மேடம் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டார். சுகந்தி அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அவள் போனதும் மேடம் எழுந்து தெய்வானையைத் தனியாக வெளியே அழைத்தார். மேனேஜரும் பின்னாலேயே வந்தார். சென்னியப்பன் வாசற்படியில் நின்றார்.

"அந்தப் பொண்ணை மறுபடி வேலைக்கு எடுத்துக்கிட்டாச்சு. அதோட முடிஞ்சுது," என்றார் மேடம். "ஆனா சர்வர் எதுக்கு மணியெல்லாம் பாக்குது? அதுக்கு என்ன வேலை?"

"உள்ள வர்றதுக்கு ஒவ்வொருத்தருக்கும் ஒரு டிக்கெட் கொடுக்குதுங்க மேடம். பஸ் டிக்கெட் மாதிரி. நேத்து டிக்கெட்டை எடுத்துட்டு இன்னிக்கு வேற ஆளு ஏறக் கூடாதில்லையா? அதுக்காக வர்ற ஆளோட மணியும் அதோட மணியும் ஒண்ணா இருக்குதான்னு பாக்கும். துளி வித்தியாசம்னா பொறுத்துக்கும். இவ்வளவு பொறுக்காது."

"அதைப் பொறுத்துக்கச் சொல்லி வெக்க முடியாதா?"

"முடியும். ஒரு வரி மாத்தணும்."

"அவ்வளவுதானா?" மேனேஜருக்கு முகம் தெளிந்தது. "அப்ப மாத்திடுங்களேன். சாட்டும் ஓடும், சரக்கும் ஓடும். எல்லாருக்கும் நல்லது."

"மாட்டேன்."

"என்ன மாட்டேன்? சர்வர் வேலைக்கு வேற ஆளே கிடைக்காதா? நாளைக்கே கூட்டிட்டு வருவோம்."

"கூட்டிட்டு வாங்க சார். எதுக்கு மாத்தணும்னு அந்த ஆளும் கேப்பாரு. என்ன சொல்லுவீங்களோ அதை இப்ப மேடத்துக்கிட்டச் சொல்லுங்க. நானும் கேட்டுக்கறேன்."

மேனேஜர் மேடத்தைப் பார்த்தார். மேடம் காரைப் பார்த்தார்.

"இனி இந்தக் கம்ப்யூட்டர் மணியைச் சர்வர்கிட்டயே கேட்டுக்கட்டும். கையால தள்ள முடியாதபடி செஞ்சுட்டுப் போறேன்," என்றாள் தெய்வானை. "வேண்டாம்னா இப்பச் சொல்லிடுங்க மேடம்."

வேண்டாம் என்று மேடம் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. காரில் ஏறிப் போய்விட்டார்.

தெய்வானை அதைச் செய்தாள். சாயங்காலம் வரைக்கும் கேட் ரூமிலேயே இருந்தாள். மேனேஜர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். டீ வரவில்லை. வாட்ச்மேன்தான் தன் டம்ளரைக் கழுவி, பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தார்.

சாயங்காலம் மணி அடித்தது. கேட் திறந்தது. யாரும் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி வானத்தைப் பார்த்தாள். வெயில் இருந்தது.

"மணி தெரியாம அடிச்சிருச்சா, அண்ணா?" என்று வாட்ச்மேனிடம் கேட்டாள்.

"இல்ல கண்ணு. இதுதான் மணி. போங்க."

அப்போதும் அவர்கள் ஓடவில்லை. மெதுவாக வந்தார்கள். போனை வாங்கிக்கொண்டார்கள். வாங்கிய ஒவ்வொருத்தியும் போனைப் பார்த்தாள், கேட் ரூம் கம்ப்யூட்டர் மணியைப் பார்த்தாள், பக்கத்தில் இருக்கிறவளைப் பார்த்தாள். சந்தோஷப்படுகிற முகம் ஒன்றும் அங்கே இல்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி சுவரில் சாய்ந்துகொண்டு, "அப்ப இத்தனை நாளா?" என்றாள்.

சுகந்தி கடைசியாக வந்தாள். யாரிடமும் நிற்காமல், பிள்ளையைப் பார்க்கப் போனாள்.

பஸ் ஸ்டாப்பில் சென்னியப்பன் டெஸ்டரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

"அம்மிணி, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"கோளாறு சர்வர்ல இல்லைன்னு ஆயிருச்சு. சுகந்திக்கு வேலையும் கிடைச்சிருச்சு. ஒரே ஒரு வரி. அதை மாத்தியிருந்தா உங்களுக்கும் பகை இல்லை. உங்க வேலைக்கே வேட்டு வெச்சுட்டு வந்திருக்கறீங்க. உங்களுக்கும் புள்ளை குட்டி இருக்குது. ஏனுங்க மாத்தலை?"

பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. தெய்வானை பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இத்தனை பேரு இத்தனை காலமா அந்தக் கேட்டுக்குள்ள போயி வர்றீங்க. உன் மணி தப்புன்னு அந்த ஆளு மூஞ்சிக்கு நேரா சொன்னது அந்தச் சர்வர் ஒண்ணுதான். அதோட வாயையும் என்னை அடைக்கச் சொல்றீங்களா, அண்ணா?"